ஹாரன் எழுதி அழித்தது

எங்கள் லாரி ஷெட்டில் என் அக்கா புருஷனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹாரன் என்றால்தான் தெரியும். வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. அவருடைய தொண்டை அப்படி. சரக்கு ஏற்றுகிற மேடையின் இந்தக் கோடியில் நின்று, லாரியை நிறுத்த 'ஹோல்டேன்' என்று ஒரு சத்தம் போட்டால், கேட்டுக்கு வெளியே ரோட்டில் சைக்கிளில் போகிறவன்கூடக் காலை ஊன்றித் திரும்பிப் பார்ப்பான். நான் அதே ஷெட்டில் டயர் வேலை பார்க்கிறவன். சம்மட்டியால் ரிம்மை அடிக்கும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே என் காதில் விழுகிற ஒரே மனிதக் குரல் மச்சானுடையதுதான்.

அந்த இடத்துக்கு அப்படி ஒரு குரல் தேவையாகவும் இருந்தது. கேட் குறுகல். உள்ளே வந்த லாரி ரிவர்ஸிலேயே வளைந்து மேடைக்குப் போக வேண்டும். வளைகிற இடத்தில் ஆபீஸ் சுவர். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வந்துபோன லாரிகளின் பெயிண்ட் எல்லாம் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. மச்சான் மேஸ்திரியான பிறகு சுவரில் புதுக் கலர் ஏறவில்லை. லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம், வரலாம், லெஃப்ட்டு ஒடி, ஒடிடா, உங்கப்பன் வீட்டுச் செவுரா அது? ஹோல்டேன்!" என்பார். வாயோடு கையும் வேலை செய்யும். லாரியின் உடம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. எந்த ஊர் டிரைவராக இருந்தாலும் இதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அவர் வாயில் நல்ல வார்த்தை வந்தால்தான் பயப்பட வேண்டும். 'வாங்க, உக்காருங்க' என்று ஒருவரிடம் சொன்னால் அந்த ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடித்தவன் எருமை. ரொம்பப் பிடித்தவன் நாய். லோடு ஏற்றுகிறவர்களில் பொட்டலம் என்று ஒருத்தன் உண்டு, குள்ளமாக, உருண்டையாக, சணல் போட்டுக் கட்டின மாதிரி இருப்பான். அவனுக்குக் காலையில் முதல் மரியாதை மச்சானிடமிருந்துதான்.

"வந்துட்டியா நாயே. நீ செத்துட்டேன்னு நெனைச்சு ஷெட்டுக்கு லீவு விடலாம்னு இருந்தேன்."

"உங்களப் பொதைக்காம நான் எங்க போறது மேஸ்திரி?"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள்.

மச்சான் சொன்ன எதையும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. வாயில் வந்தது வந்ததுதான். ஆனால் திட்டிய வாய் மூடுவதற்குள் கை நீண்டுவிடும். டீ கிளாஸை நீட்டும், இல்லையென்றால் தோளில் ஒரு குத்து விடும். அந்தக் கைதான் அவர் சொன்ன வார்த்தைக்கு அவர் போடுகிற திருத்தம். அதனால்தான் அவர் திட்டி யாரும் வேலையை விட்டுப் போனதில்லை.

முதலில் தொண்டை கரகரத்தது. "நேத்து நெறையா கத்திட்டேன்" என்றார். அதையே ரொம்ப நாள் சொன்னார். குரலில் பாதி போன பிறகுதான் அக்கா அவரை இழுத்துக்கொண்டு போனாள். குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், இனி மூச்சு அதன் வழியாகத்தான் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "உயிர் முக்கியமா, குரல் முக்கியமா, நீங்களே சொல்லுங்க" என்றார். மச்சான், "அத அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர், வெளியில டீ கிடைக்குமா?" என்றார். அக்கா அங்கேயே அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் எல்லாரும் இருந்தோம், அவர் மகனைத் தவிர. எனக்கு மருமகன். ஒரே பிள்ளை. வேறொரு ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். அக்கா மாதிரிச் சாது, அதிர்ந்து பேசமாட்டான். தலை வழியாக மாட்டுகிற பனியன் எல்லாம் இனி ஆகாது, முன்னால் பட்டன் வைத்த சட்டையாக வாங்கி வாருங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அவன் கடை திறக்கும்வரை வாசலில் நின்று வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். அதற்குள் மச்சானைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். பையன் மூச்சு வாங்க வந்து நின்றதும், மிச்சமிருந்த குரலை எல்லாம் கூட்டி மச்சான் கத்தினார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நீ வந்தா என்ன, வராட்டி என்ன? போ, போய்த் தொலை!"

வேறொரு நாளாக இருந்தால் அடுத்த நொடியே கை நீண்டிருக்கும். அன்றைக்குக் கையில் ஊசி ஏற்றி, அசையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். கை எழும்பவில்லை. எழும்பப் பார்த்ததை நான் பார்த்தேன். அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், கதவு மூடிக்கொண்டது.

அந்தக் குரலில் வந்த கடைசி வார்த்தை அதுதான். மருமகன் சட்டை இருந்த பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா எப்பவும் பேசறதுதானே மாமா" என்றான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவரைப் பேசவைக்கப் பல வழி பார்த்தோம். கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று கொடுத்தார்கள். தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. அன்றைக்கு அதை அலமாரியில் வைத்துப் பூட்டினவர்தான். டச் போனில் எழுதலாம் என்றால் அவர் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து வரும். அதுவுமில்லாமல் அனுப்பியது அடுத்தவன் பையிலேயே கிடக்கும், அவரால் அழிக்க முடியாது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சிலேட்டில் சாக்பீஸால் எழுதினால் தூள் பறந்து கழுத்துத் துளை வழியாக இருமல் வந்தது. கடைசியில் மார்க்கரால் எழுதித் துணியால் துடைக்கிற வெள்ளைப் பலகை ஒன்று வாங்கினோம். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஷெட்டில் அவரைக் கேட்டில் உட்காரவைத்து, வருகிற லாரி நம்பரைக் குறிக்கிற வேலை கொடுத்தார்கள். பின்னால் நின்று லாரியை மேடைக்கு அனுப்ப விசிலோடு புது ஆள் வந்தான். முதல் வாரமே ஆபீஸ் சுவரில் நீலக் கலர் ஏறியது.

பலகையில் அவர் எழுதிக் காட்டிய முதல் வார்த்தைகளில் ஒன்று பொட்டலத்துக்குத்தான். காலையில் அவன் வந்ததும் பழக்கம் போல எழுதினார்: 'நாயே டீ எங்கே.'

பொட்டலம் படித்தான். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். நா, யே என்று அவன் உதடு அசைந்து முடிவதற்குள் முகம் சுருங்கிவிட்டது. எத்தனையோ வருஷமாகத் தினமும் வாங்கிக்கொண்ட வார்த்தைதான். ஆனால் அது காற்றில் வந்து காற்றில் போனது. இது கறுப்பாக, அசையாமல் உட்கார்ந்திருந்தது. மச்சான் டீயைக் கை நீட்டி வாங்கியபோதும் அது அவர் நெஞ்சில் தொங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன மேஸ்திரி, இப்படி எழுதிட்டீங்க" என்றான்.

மச்சான் பலகையைத் திருப்பித் தானே படித்துப் பார்த்தார். அவர் தன் வார்த்தையைத் தானே படித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். துணியை எடுத்தார், துடைத்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அந்தப் பழக்கம்.

அதற்கப்புறம் எழுதுவதைவிடத் துடைப்பது அதிகமாகிவிட்டது. எழுதுவார், ஒருமுறை தன் பக்கம் திருப்பிப் படிப்பார், ஒரு வார்த்தையை மட்டும் விரலால் அழிப்பார், வேறு போடுவார், அது பக்கத்து வார்த்தையோடு ஒட்டாது, அதையும் அழிப்பார். அவர் காட்டும்போது பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் விசில்காரன் லாரியைச் சுவரில் விட்டதைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம். மச்சான் குனிந்து எழுத ஆரம்பித்தார். நடுவில் ஒரு டிரைவர் வந்து, கூட ஓட்டுகிறவரின் தாயார் தவறிவிட்டதைச் சொன்னார். எல்லாரும் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து மச்சான் பலகையை உயர்த்திக் காட்டினார்: 'அவனை விசிலோடு சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கடா.' யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். என்ன நடந்தது என்று புரிந்ததும் மச்சான் துடைத்த அவசரத்தில் மார்க்கர் மூடி உருண்டு குழம்பில் விழுந்தது.

வீட்டில் வேறு மாதிரித் தொல்லை. அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. அவர் எழுத ஆரம்பித்ததும் கண்ணாடியைத் தேடிப் போவாள். தேடிக்கொண்டு வருவதற்குள் அவர் அழித்து வேறு எழுதியிருப்பார். அவசரத்தில் பாதியைப் படித்துவிட்டு மீதியை அவளே முடிப்பாள்.

"தண்ணியா? ஜன்னலச் சாத்தணுமா? என்னய்யா, ஒரு வார்த்தை எழுத இவ்வளவு நேரமா? நீ திட்டினப்பகூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இல்ல."

அவர் முழுப் பலகையையும் துடைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் மருமகன் வேறு ஊரில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னான். ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். பெரிய ஒர்க்ஷாப், தங்க இடம் கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் கிளம்ப வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. அவன் நல்லபடியாகத்தான் சொன்னான், அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, பலகைக்கு நேராக. மச்சான் தலையை ஆட்டினார். மார்க்கரை எடுத்தார். மூடியைத் திறந்து, மூடி, திறந்து, மூடினார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் டயர் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்தார். பலகையில் எழுதி என்னிடம் காட்டினார்.

'அன்று ஆஸ்பத்திரியில் நான் கூறியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.'

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அது அவருக்குள்ளேயும் அன்றிலிருந்து கிடக்கிறது என்று. பையன் கிளம்புவதற்குள் அந்தக் கடைசி வார்த்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு. கீழ சீல் ஒண்ணுதான் பாக்கி."

துடைத்தார். கையில் மார்க்கர் வந்தாலே பள்ளிக்கூட வாத்தியார் பின்னால் வந்து நிற்கிறார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வந்தது.

'நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடு.'

"இது வேணாம். பையன் பயந்துடுவான். அப்பனுக்குத் திரும்பக் கட்டி வந்துடுச்சு, நம்மகிட்ட மறைக்கறாங்கன்னு நெனைச்சுக்குவான். பஸ்ஸ விட்டே எறங்கிடுவான்."

இறங்கினால் இறங்கட்டுமே என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதையும் துடைத்தார்.

பொட்டலம் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான். "நான் சொல்றத எழுதுங்க மேஸ்திரி. 'மகனே, நீ என் உயிர், நீ என் மூச்சு'ன்னு போடுங்க. பையன் கண்ணு கலங்கிடும்."

மச்சான் நிமிர்ந்தார். சத்தமில்லாமல், உதட்டை மட்டும் நன்றாகத் திறந்து அசைத்தார். என்ன சொன்னார் என்பது எனக்கே தெரிந்தது. பொட்டலத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, பாத்தியா! நாயேன்னாரு! திட்டிட்டாரு!" என்று கொட்டகைக்கு வெளியே ஓடி மற்றவர்களிடமும் சொன்னான்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சொன்னேன், "பையன்கிட்டயும் இப்படியே உதட்ட அசைச்சுடுங்களேன்."

அவர் கையை விரித்தார். நியாயம்தான். நாயே என்று சொல்ல அந்த உதட்டுக்குப் பழக்கம் உண்டு. மகனிடம் சொல்ல வேண்டியதை அது ஒருநாளும் சொன்னதில்லை. பழகாத வார்த்தையை உதட்டைப் பார்த்து அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

மூன்றாவதாக ஒன்று எழுதினார். 'சும்மா சொன்னேன்.'

"இது போதும்! இதுதான் நீங்க. இதையே காட்டுங்க. ஒரு புள்ளிகூட மாத்தாதீங்க" என்றேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்து ஆட்கள் மேடைக்குத் திரும்பினார்கள். அவர் கீழே பொடி எழுத்தில் சேர்த்தார்: 'எதை என்று கேட்பான்.'

"கேட்டா சொல்லுங்க."

மார்க்கரை எடுத்தார். மெதுவாக எழுதினார். 'போய்த் தொலை.'

எழுதியவர் கையை எடுக்கவில்லை. நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அது மச்சானுடைய பேச்சு. இங்கே மூஞ்சியும் இல்லை, மூச்சு வாங்கியதும் இல்லை, எழும்பப் பார்த்த கையும் இல்லை. வெள்ளையில் கறுப்பாக ஒரு அப்பன் தன் மகனைப் போய்த் தொலை என்று சொல்லியிருந்தான். எடுக்க வேண்டிய வார்த்தையை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை தன் கையாலேயே மகன் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு அவருக்கு நேராகவே வரவில்லை.

நேரமாகிவிட்டதால் எழுத்து காய்ந்துவிட்டது. துணியால் துடைத்தால் நிழல் மாதிரித் தங்கியது. நான் டயர் துடைக்கிற பெட்ரோலைத் துணியில் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அப்போதும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது.

"நான் சொல்லட்டுமா மச்சான்? பையன்கிட்ட நானே பக்குவமா பேசிடறேன்."

அதற்கு மட்டும் அழிக்காமல், திருத்தாமல், பட்டென்று எழுதிக் காட்டினார்: 'நீ கெடுத்துருவே.'

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் வீட்டில் இருந்தேன். மருமகன் தரையில் பெட்டியை விரித்துத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். மச்சான் நாற்காலியில் பலகையோடு உட்கார்ந்து எழுதினார். அழித்தார். அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள், கண்ணாடி தயாராக நெற்றியில் இருந்தது. நான் டீயை உறிஞ்சாமல் கையில் வைத்திருந்தேன்.

மருமகன் கவனித்துவிட்டான். துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்பாவின் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"எழுதுங்கப்பா. அவசரமில்ல. நான் இருக்கேன்."

நல்ல பிள்ளை. அப்படி மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் காத்திருக்கக் காத்திருக்க மச்சானுடைய கை கனத்துவிட்டது. இவ்வளவு நேரம் காத்திருக்கிறவனுக்கு ஏற்ற மாதிரி ஒன்று வர வேண்டாமா? ஒரு வரி எழுதினார், தலையைச் சாய்த்துப் படித்தார், கடைசி வார்த்தையை அழித்தார். அந்த வார்த்தை போனதும் முன்வரி நொண்டியது. அதையும் அழித்தார்.

"என்னய்யா, பரீட்சையா எழுதறே? காட்டுய்யா, தப்பாயிருந்தா அவன் என்ன மார்க்கா கொறைக்கப் போறான்?" என்றாள் அக்கா.

மருமகனின் போன் அடித்தது. புது வேலை இடத்திலிருந்து. அவன் எழுந்து வாசல் பக்கம் போய்ப் பேசினான். திரும்பி வரும்போது மச்சான் பலகையைக் காட்டினார். அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். மூன்று பேரும் படித்தோம்.

'சார்ஜர் எடுத்துக்கிட்டியா.'

"எடுத்துட்டேன்பா" என்றான் மருமகன். கொஞ்சம் நின்றான், வேறு ஏதாவது வருமா என்று. பிறகு பெட்டியைப் பூட்டினான்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் போனோம். பஸ் ஒரு மூலையில், இரண்டு பக்கமும் வேறு பஸ்கள் இடித்துக்கொண்டு நிற்க, நடுவில் செருகினாற்போல் நின்றது. பின்னால் ஒரு சிமெண்டுத் தூண். வெளியே வர வேண்டுமென்றால் ரிவர்ஸ்தான். மச்சான் அங்கே போனதும் தூணைத்தான் முதலில் பார்த்தார். பழக்கம் போகுமா?

பெஞ்சில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா மகனுடைய சட்டைக் காலரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். டிக்கெட் பார்க்கிறவர் ஏறச் சொன்னார். மருமகன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு, அப்பாவின் முன்னால் வந்து நின்றான். மச்சான் ஒரு விரலைக் காட்டினார், கொஞ்சம் இரு என்று. எழுதினார். துடைத்தார். பஸ் ஸ்டார்ட் ஆனது.

"ஏறுங்க சார், கதவ மூடணும்."

"அப்பா, ஜன்னல் பக்கம் சீட்டு. அங்கிருந்து காட்டுங்க, படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

மச்சான் எழுந்து ஜன்னலுக்குக் கீழே போனார். பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அந்த நேரத்தில் அதில் ஒரு முழு வரி இருந்தது, நான் சத்தியமாகப் பார்த்தேன். பின்னால் நின்றதால் படிக்க முடியவில்லை. குளிர்சாதன பஸ், கண்ணாடி திறக்காது. வெயில் பலகையில் பட்டுப் பளபளத்தது. உள்ளே மருமகன் கண்ணை இடுக்கி, கையைப் புருவத்தில் வைத்து, தலையை அப்படி இப்படிச் சாய்த்தான். தெரியவில்லை என்று கையை ஆட்டினான்.

மச்சான் பலகையை இறக்கினார். எழுத்துப் பொடியாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. "அழிக்காதீங்க மச்சான்! சாய்ச்சுப் பிடிங்க!" என்று கத்தினேன். அதற்குள் துணி போய்விட்டது. பெரிய எழுத்தில் புதிதாக ஆரம்பித்தார்.

டிரைவர் கதவு வழியாகத் தலையை நீட்டினார். "பின்னாடி யாராவது பாருங்கப்பா! எங்க போய்த் தொலைஞ்சான் இந்தக் கிளீனர்? தூணு இருக்கு!"

பின்னால் யாரும் இல்லை. பஸ் கொஞ்சம் பின்னுக்கு உருண்டது. மச்சான் அந்தப் பக்கம் திரும்பினார். பஸ்ஸுக்கும் தூணுக்கும் இருந்த இடத்தைப் பார்த்தார். பலகையைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் திணித்துவிட்டுப் பின்னால் ஓடினார்.

வெகு நாளைக்கு அப்புறம் அந்த நிற்பைப் பார்த்தேன். காலை அகட்டி, ஒரு கை பஸ்ஸின் உடம்பில், ஒரு கை காற்றில். காற்றில் இருந்த கை வரலாம் வரலாம் என்றது, லெஃப்ட்டு ஒடி என்றது. டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்து ஒடித்தார். பஸ் தூணை உரசுகிற மாதிரி வந்ததும் மச்சான் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

பஸ் நின்றது.

அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஜன்னல் இப்போது மச்சானுக்குப் பக்கத்திலேயே இருந்தது, கண்ணாடியில் வெயிலும் இல்லை. மருமகன் கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்பாவைப் பார்த்தான். பலகை என் கையில். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். கொண்டுபோய் நீட்டினேன். மச்சான் அதை வாங்கவில்லை. உள்ளங்கையை பஸ்ஸின் உடம்பிலிருந்து எடுக்காமல் நின்றார். அந்தக் கை அங்கே இருக்கும்வரை பஸ் நகராது. டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் வந்த இன்னொரு பஸ்ஸும் அடித்தது.

"என்னய்யா, வரலாமா வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுய்யா!"

மச்சான் வாயைத் திறந்தார். கழுத்துத் துளையை மூடியிருந்த துணி உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு குனிந்து இடைவெளியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பஸ்ஸின் உடம்பில் தட்டினார். இரண்டு தட்டு. சத்தமே கேட்காத அளவுக்கு மெதுவாக. டிரைவருக்கு அது கேட்டிருக்காது, நான்தான் கையைக் காட்டி அனுப்பினேன்.

பஸ் கேட்டைத் தாண்டும்வரை அவர் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையிலிருந்த பலகையைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 'டேய்' என்று இருந்தது. அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

"என்னடா எழுதியிருந்தாரு? அவன் படிச்சானா?" என்று அக்கா வழியெல்லாம் கேட்டாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவளிடம் நான் என்னத்தைச் சொல்வது?

சாயங்காலம் மருமகன் போன் செய்தான். அக்காவுடையது பட்டன் போன். ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தாள். அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்துச் சத்தம் எல்லாம் கேட்டது. சாப்பிட்டாயா, பக்கத்து சீட்டில் யார் என்றெல்லாம் அக்கா கேட்டு முடித்த பிறகு, "அப்பா இருக்காரா?" என்றான்.

"இருக்காரு. இங்கதான் உக்காந்திருக்காரு."

"அப்பா... பஸ் தூண்ல உரசல, பாத்தீங்களா. டிரைவர் கேட்டாரு, யாரு சார் அந்த ஆளுன்னு. எங்கப்பான்னு சொன்னேன்."

மச்சான் பலகையை மடியில் இழுத்தார். வேகவேகமாக எழுதி, இரண்டு கையாலும் தூக்கி, போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நொடியில் அவருக்கே தெரிந்துவிட்டது. பலகையைத் தன் நெஞ்சோடு திருப்பிக்கொண்டார். என்ன எழுதியிருந்தார் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

"நான் படிக்கட்டுமா மச்சான்? உள்ளது உள்ளபடியே படிக்கறேன்" என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார். துடைத்தார். மறுபடி எழுத ஆரம்பித்தார். மார்க்கர் பலகையில் கிரீச் கிரீச் என்றது. அந்தச் சத்தம் போனில் போயிருக்க வேண்டும்.

"எழுதறீங்களாப்பா?" என்றான் மருமகன். "எழுதுங்க. நான் இருக்கேன்."

மச்சான் எழுதினார். ஒரு வார்த்தையை விரலால் அழித்தார். போனில் யாரோ ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார்கள். அப்புறம் குரல் விட்டு விட்டு வந்தது. பிறகு டூட் டூட் என்று ஒரு சத்தம், அதுவும் நின்று மேஜை அமைதியாகிவிட்டது.

அவருக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது. கேட்டிருக்கும். பலகையைத் தன் பக்கம் சாய்த்து ஒருமுறை படித்துவிட்டு, மூடியை வாயில் கவ்விக்கொண்டு, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். அக்கா போனை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.